வாயை மூடத் தெரிந்த பெட்டி

என் நாத்தனாரின் மேசையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு, பின்பக்கம் கணினிக்குப் போகும் தடித்த வயர், ஓரத்தில் ஹெட்போன் செருகுவதற்கு ஒரு துளை. கல்யாணமான புதிதில், அவர் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். "கேக்குறியா?" என்று சொல்லித் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். ஜலதோஷம் பிடித்த ஓர் ஆண்குரல் மூச்சுவிடாமல் எதையோ பொரிந்து தள்ளியது. இங்கிலீஷா தமிழா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான், முழித்துக்கொண்டு நின்றேன். முழித்ததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆரம்பத்துல எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு. இப்ப இவன் மெதுவா பேசுனா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றார். நாத்தனாருக்குக் கண் தெரியாது. அந்தப் பெட்டிதான் திரையில் இருப்பதை அவருக்குப் படித்துச் சொல்லும்.

அவர் என் கணவரின் அக்காள். அம்பகரத்தூரில் நெல் விவசாயம் பார்த்த குடும்பம். குழந்தையில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்து, டெலிபோன் இயக்கப் பயிற்சியும் முடித்து, காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரணை மேசைக்கு வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தலத்தெருவில் எங்களோடுதான் இருந்தார். "நாத்தனாரோட ஒரே வீட்லயா?" என்று என் தோழிகள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் பயந்தது முழுக்கத் தப்பும் இல்லை. வந்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டைதான். சண்டைக்குக் காரணமும் எப்போதும் ஒன்றுதான். நான் சீரகத்தை எடுத்தால் மிளகு இருந்த இடத்தில் வைப்பேன். கத்தரிக்கோலை டிவிக்குப் பக்கத்தில் போடுவேன். "எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா ஒனக்கு? இதைத்தான் மெட்ராஸ்ல படிச்சியா?" என்று ஆரம்பிப்பார். போன வருஷம் ஐப்பசி மழையில் அவர் தவறிப்போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சீரகம் தன் இடத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும்; ஆனாலும் கை அங்கேதான் போகிறது.

சொன்னால் வேடிக்கையாக இருக்கும். எடுத்த இடத்தில் வைப்பதுதான் என் பிழைப்பே. வீட்டிலிருந்தபடி ஒரு வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். பழைய இயங்குதளங்களுக்காக எழுதிய மென்பொருள்களைப் புதிய கணினிகளில் ஓடவைப்பது எங்கள் வேலை. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் எழுதிய ஒரு நிரல், தன்னைத் தாங்கும் இயங்குதளத்தை அடிக்கடி கூப்பிட்டு வேலை ஏவும்: இந்த எழுத்தைத் திரையில் போடு, எந்த விசை அழுத்தினார்கள் சொல், இந்தக் கோப்பைத் திற. புதிய கணினியில் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், எப்போதோ இறந்துபோன நம் மாமனாரின் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்கிறார் என்று வையுங்கள். யாராவது "இதோ" என்று சொம்பை நீட்டிவிட்டால் அவர் பாட்டுக்குக் குடித்துவிட்டுப் போவார். நாங்கள் அந்த "இதோ" சொல்கிறவர்கள். பழைய நிரலுக்குத் தான் வேறு வீட்டில் இருப்பது கடைசிவரை தெரியக்கூடாது. தெரியாமல் இருந்தால் எங்கள் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

நாத்தனாரின் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இடது காதில் தொலைபேசி, வலது காதில் பெட்டியின் குரல். மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் நோயாளிகளின் பட்டியல் திரையில் வரிசையாக இருக்கும். ஊர், பெயர், வயது, வார்டு, கட்டில், எப்போது எங்கிருந்து மாற்றினார்கள் என்ற குறிப்பு. விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த வரிக்குப் போகும். பெட்டி அந்த வரியை ஊரிலிருந்து படிக்கத் தொடங்கும். நாத்தனார் அதை முழுக்கப் படிக்க விடவே மாட்டார். ஊரின் முதல் சத்தம் காதில் விழுந்ததுமே, வேண்டாததென்றால் அடுத்த தட்டு. பெட்டி அந்த நொடியே பேச்சை நிறுத்தி அடுத்த வரிக்குத் தாவும். அவர் விரல் ஓடும் ஓட்டத்தில், கூப்பிட்டவர் மூச்சு வாங்குவதற்குள் பட்டியல் முடிந்துவிடும்.

பெயரைக் கேட்டுத் தேடினால் என்ன என்று தோன்றும். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் கொஞ்சம் வயதானவர்கள். உள்ளே படுத்திருப்பது புருஷன். அவர் பெயரை இவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். "எங்க வூட்டுல இருக்கறவங்க", "இவங்க அப்பா", "பெரியவங்க" என்று சுற்றிச் சுற்றி வருவார்களே ஒழிய, பெயர் வராது. ஊரை மட்டும் தயங்காமல் சொல்வார்கள். கையில் செல்போன் வந்துவிட்டது, பேரன் பிரான்சிலிருந்து வீடியோவில் பேசுகிறான், இது மட்டும் மாறவில்லை. நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வரும்: "வாடா போடாவையும் சேத்துக்க, அது மட்டும் எதுக்கு பாக்கி?"

அப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மருத்துவமனையில் எல்லாக் கணினிகளையும் மாற்றினார்கள். பழையவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. உதிரி பாகம் கிடைக்கவில்லை. நோயாளிகள் பட்டியல் வைத்திருந்த டாஸ் மென்பொருளை மட்டும் எல்லா வார்டுகளும் நம்பியிருந்ததால், அதைப் புதிய கணினியின் திரைக்குள் ஒரு சன்னலில் ஓடவைத்துக்கொண்டார்கள். கண் உள்ளவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நாத்தனாரின் பெட்டி மட்டும் ஊமையாகிவிட்டது. அதன் தடித்த வயரைச் செருகப் புதிய கணினியில் இடமே இல்லை. அதைப் பேசவைத்த பழைய நிரலும் ஓடவில்லை. புதிய கணினியோடு வந்த பேசும் மென்பொருளுக்கு அந்தச் சன்னல் வெறும் படம். படத்துக்குள் எழுத்து இருப்பது அதற்குத் தெரியவில்லை.

நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மேலாளர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. சம்பளம் அது பாட்டுக்கு வந்துகிட்டு இருக்கும். வரவேற்பறையில நல்ல சேர் ஒண்ணு போட்டுத் தர்றேன், ஃபேனுக்குக் கீழயே. ரிட்டயர் ஆகுற வரைக்கும் நிம்மதியா உக்காந்திருங்க" என்றிருக்கிறார். நாத்தனார் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் இதைச் சொன்னார். "பூச்சாடிக்கு சம்பளம் குடுக்குற ஆஸ்பத்திரிய நீ பாத்திருக்கியா? எங்க ஆஸ்பத்திரி குடுக்குது" என்றார். அப்புறம் குழம்பில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை பிடித்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றார் என்று நினைக்கிறேன். 

"நான் பாத்து சரி பண்ணித் தரட்டுமாக்கா?" என்றேன்.

"நீயா? சொம்ப வச்ச எடம் தெரியாதவ" என்றார். ஆனால் மறுநாள் காலை பெட்டியைப் பையில் போட்டு என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மேலாளரிடம் நான் போய்க் கேட்டேன். பேசவைத்துக் காட்டினால் பழைய மேசையே அவருக்கு, இல்லாவிட்டால் வரவேற்பறை என்று முடிவானது. புதிய ஆளை எடுப்பதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் தந்தார்.

என் தொழிலில் கற்றதையெல்லாம் கொட்டி வேலை பார்த்தேன். பெட்டியைப் பேசவைத்த பழைய நிரல் திரையை எட்டிப்பார்க்கக் கேட்டால் காட்ட ஒரு சின்ன நிரல். பெட்டிக்குச் சொல் அனுப்பக் கேட்டால் வாங்கி அனுப்ப இன்னொன்று. தடித்த வயருக்கும் புதிய கணினிக்கும் நடுவில் ஒரு மாற்றுக் கம்பி. சில ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. ஒருநாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, ஜலதோஷக் குரல் திடீரென்று எங்கள் சாப்பாட்டு மேசையில் பேசத் தொடங்கியது. என் கணவர் கைதட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாத்தனார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பரிசோதனைக்காக நான் உருவாக்கி வைத்திருந்த போலிப் பட்டியலில் விசையைத் தட்டினார். தட்டினார். மறுபடி தட்டினார். முகம் சுருங்கியது.

"பேசுதுக்கா" என்றேன்.

"பேசுது. வாய மூட மாட்டேங்குதே" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அடுத்த வரிக்குப் போன பிறகும் பெட்டி முந்தின வரியை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வந்தது. அவர் விரல் பட்டியலின் நடுவில் நின்றது. குரல் இன்னும் மேலேயே ஊர்ந்தது. இதெல்லாம் ஒரு குறையா என்று எனக்கு எரிச்சல். "வரிக்கு ஒரு வினாடிகூட ஆகலையேக்கா. கொஞ்சம் பொறுத்துக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "நான் பொறுத்துப்பேன். லைன்ல நிக்கிறவ பொறுத்துப்பாளா?" என்றார். அப்படியானால் பெயரைக் கேட்டுத் தேடுங்கள், பட்டியலில் ஓடவே வேண்டாம் என்று யோசனை சொன்னேன். மேலாளரும் அதையேதான் சொல்லியிருந்தாராம். நாத்தனார் விவாதம் பண்ணவில்லை. "நாளைக்கு லீவு போட்டுட்டு எம்பக்கத்துல வந்து ஒக்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். என் சோதனை ஏற்பாட்டைப் புதிய கணினியில் போட்டிருந்தோம். தொலைபேசியை எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டார். பக்கத்து ஊரான போலகத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

"நேத்து அந்தியில கொண்டாந்து சேத்தோங்க. எப்படி இருக்காங்கன்னு தெரியணும்."

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் நாத்தனார், எனக்காக.

"அவுங்க பேருங்களா..." அந்தப் பக்கம் நீண்ட மௌனம். "அதாங்க, கால்ல அடிபட்டு வந்தவுங்க. ஒசரமா இருப்பாங்க."  பிறகு வாயைப் பக்கவாட்டில் திருப்பி யாரையோ கூப்பிடும் சத்தம்: "யக்கா, செத்த இங்க வாயேன். இவுங்க பேரு கேக்குறாங்க, வந்து சொல்லிட்டுப் போ." அந்த அக்கா வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. அப்புறம் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை.  அதற்கு அடுத்த அழைப்பில் நாத்தனார் ஊரை வைத்துத் தேடினார், பெட்டி ஒவ்வொரு வரியையும் மரியாதையாக முடித்து முடித்துச் சொன்னது, லைனில் இருந்த பிள்ளை "எங்க வாப்பா எந்த ரூம்ல இருக்காங்கன்னு சொல்ல இவ்ளோ நேரமா?" என்று கத்தினான். நாத்தனாரின் கழுத்தில் வியர்வை வழிந்தது. ஏசி அறை அது.

வீட்டுக்கு வந்து நிரலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் பிடிபட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் பழைய நிரல் பெட்டிக்கு முதலில் ஒரு சின்னச் சைகையை அனுப்புகிறது: பேச்சை நிறுத்து என்பது அதன் பொருள். அதற்குப் பிறகுதான் புதுச் சொற்களை அனுப்புகிறது. அந்தக் காலத்துக் கணினியில் அந்தச் சைகை நேரே பெட்டிக்குள் போய் விழும். நான் எழுதிய ஏற்பாட்டிலோ எல்லாமே வரிசையில்தான் போகவேண்டும். நிறுத்து என்ற சைகையும் ரேஷன் கடையில் நிற்பதுபோல எல்லாச் சொற்களுக்கும் பின்னால் பையோடு நின்றது. அதன் முறை வருவதற்குள் பேசவேண்டியதெல்லாம் பேசி முடிந்துவிடும்.

நாத்தனாரிடம் இதை விளக்கினேன். நிறுத்து என்று வந்தால் வரிசையில் காத்திருக்கும் சொற்களை அப்படியே தூக்கிப்போட வேண்டும், அதில்தான் எனக்குத் தயக்கம் என்றேன். எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, உன்னிடம் கொடுத்த ஒரு எழுத்தைக்கூடத் தொலைக்காதே என்பதுதான். ஒருவர் அனுப்பியதை இன்னொருவருக்குச் சேர்க்காமல் குப்பையில் போடுவது எங்களுக்குப் பெரிய பாவம். இத்தனை வருஷத்தில் நான் அதைச் செய்ததே இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு வேண்டாததையெல்லாம் நீ பத்திரமா எடுத்து வச்சிருக்க. யாருக்கும்மா வச்சிருக்க?" மேசையைத் தடவிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பேச வைக்கிறது பெருசில்ல. நிறுத்துன்னா நிறுத்தணும். எங்கைக்கு அடங்குறது ஒலகத்துல அது ஒண்ணுதான்" என்றார்.

தூக்கிப்போட்டேன். அந்தச் சைகை வந்தால் வரிசையை முந்திக்கொண்டு போகவும், காத்திருப்பது முழுக்க அழியவும் வழி செய்தேன். மாற்றியதை அவர் மேசையில் உட்கார்ந்து சோதித்தார். குரல் ஒவ்வொரு வரியிலும் வாயைத் திறந்தது, அவர் தட்டினார், மூடிக்கொண்டது. திறந்தது, மூடிக்கொண்டது. பட்டியலின் அடிவரை போய்த் திரும்பி மேலே வந்தார். "ம்" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. ஆனால் அன்றைக்குச் சாம்பாரில் நிஜமாகவே உப்பு குறைந்திருந்தும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

இப்போது அந்த மருத்துவமனை எண்ணுக்குக் கூப்பிட்டால் பதிவு செய்த பெண்குரல் ஒன்று எடுக்கிறது. தேன் மாதிரி பேசுகிறது. தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று தொடங்கி, நாம் எதை அழுத்தினாலும் காதில் வாங்காமல் தன் பேச்சைப் பேசி முடிக்கிறது. அண்மையில் சொந்தக்காரர் ஒருவருக்காகக் கூப்பிட்டபோது போனைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. நாத்தனார் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்து ஒருவாரம் திட்டியிருப்பார். அந்த ஏற்பாட்டைப் பிறகு என் நிறுவனத்தின் நிரலிலும் சேர்த்துவிட்டேன். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகள், இந்த ஒரு சைகைக்கு மட்டும் ஏன் தனி வழி வைத்திருக்கிறீர்கள், இதை யார் கேட்டது என்று கேட்பார்கள். எங்கள் நாத்தனார் கேட்டார் என்றால் சிரிக்கிறார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை.

ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் எனக்கு வருவது சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. மேலாளர் நேரில் வந்து பார்த்த அந்தத் திங்கட்கிழமைதான். வரவேற்பறையில் நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. குஷன்கூட வாங்கி வைத்திருந்தார் பாவம். விசாரணை மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சுவரோரம் நின்றேன்.  எல்லாம் எனக்குத் தெரிந்த நிரல்தான், நானே எழுதியதுதான், இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மணி அடித்தது. எங்களுக்கும் கேட்கும்படி தொலைபேசியையும் பெட்டியையும் வெளியே ஒலிக்கவிட்டார்.

"யம்மா, அம்பகரத்தூர்லேர்ந்து பேசுறேன்." வயதான குரல், அழுது ஓய்ந்த குரல். "எங்க வூட்டுல இருக்கறவங்கள நேத்து விடியக்காலம் கொண்டாந்தாங்க. நெஞ்ச புடிச்சுகிட்டு உக்காந்துட்டாங்க. மவன்தான் கூட வந்தான். அவன் போனும் எடுக்க மாட்டேங்குறான். எனக்கு ஒரு தாக்கலும் இல்லம்மா."

மேலாளர் "பேர..." என்று ஆரம்பித்தார், பெயரைக் கேட்கச் சொல்ல வந்திருப்பார். நாத்தனார் இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். "வயசு எவ்வளவும்மா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். "அறுவதத் தாண்டிருச்சும்மா" என்று பதில் வருவதற்குள் வலதுகை ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டி வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. ஒரு வரியில் விரல் நின்றது. அதை மட்டும் கடைசிவரை பேசவிட்டார்.

"இருக்காங்கம்மா. ஐசியூலேர்ந்து காலையிலயே வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. மாடியில ஆம்பளைங்க வார்டு, வாசல்லேர்ந்து ரெண்டாவது கட்டில். நீங்க பஸ் ஏறி வந்தீங்கன்னா மதியத்துக்குப் பாத்துரலாம். சாப்டீங்களா?"

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா கேட்டார்: "நீங்க டாக்டரம்மாங்களா?"

"இல்லம்மா" என்றார் நாத்தனார். பின்னால் நின்றவருக்கும் கேட்கும்படி, தேவைக்குமேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "நான் இங்க வேலை பாக்குறவ."